வீட்டு மரமும் வெட்டரிவாளும்

புரட்டாசி பிறந்துவிட்டால் தமிழ்நாட்டில் தோட்டமுள்ள வீடுகளில் மரம் கழிக்கும் பேச்சு தொடங்கிவிடும். ஐப்பசி மழைக்கும் கார்த்திகைப் புயலுக்கும் முன்னால், ஓட்டின் மேல் சாய்ந்திருக்கும் வேப்பங்கொப்பை வெட்டியாக வேண்டும். மின்கம்பியை உரசும் தென்னை மட்டையை இழுத்துப் போட வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் இரண்டு மாதமாகக் குறைப்பட்டுக்கொண்டிருக்கும் மாங்கிளைக்கு ஒரு வழி செய்ய வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏணி வெளியே வருகிறது. கூடவே பரணிலிருந்து அரிவாளோ, புதிதாக வாங்கிய பேட்டரி ரம்பமோ இறங்குகிறது. கீழே ஒருவர் கயிற்றைப் பிடித்துக்கொள்கிறார். பத்து நிமிட வேலை என்று வீட்டில் எல்லோரும் நம்புகிறார்கள்.

அந்தப் பத்து நிமிடத்தில் என்னென்ன நேரலாம் என்பது ஒரு கேள்வி. எதுவும் நேராமல் நல்லபடியாக முடிந்ததாகத் தோன்றும் வேலை, ஐந்து பத்து ஆண்டுகள் கழித்து என்னவாகத் திரும்பி வருகிறது என்பது இன்னொரு கேள்வி. மரம் வெட்டும் ஆபத்து என்றதும் ஏறியவர் விழுவதுதான் நம் நினைவுக்கு வருகிறது. தவறாக வெட்டப்பட்ட மரமே பின்னாளில் வீட்டுக்கும் தெருவுக்கும் ஆபத்தாக வளர்கிறது என்பதை யாரும் பேசுவதில்லை. இரண்டும் ஒரே அறியாமையின் இரண்டு தவணைகள். அவற்றைச் சேர்த்தே பார்க்க வேண்டும்.

நம் ஊரில் வீட்டுக்காரரே ஏறுவது குறைவு. தெருமுனையில் நிற்கும் ஒரு கூலியாளைக் கூப்பிட்டு, "அந்தக் கொப்பை மட்டும் எடுத்துடுப்பா" என்று காட்டுவதே வழக்கம். எந்தக் கிளை, எந்த இடத்தில், எந்தப் பக்கமாக விழ வேண்டும் என்பதையெல்லாம் கீழே நிற்கும் வீட்டுக்காரர்தான் முடிவு செய்கிறார். ஏணி அவருடையது, கயிறு கிணற்றுக் கயிறு, அவசரமும் அவருடையது. ஏறுபவர் கொத்து வேலைக்கோ மண் வேலைக்கோ போகிறவராக இருக்கலாம். இதையும் நாமே செய்யும் மர வேலையாகத்தான் நான் எடுத்துக்கொள்கிறேன். அறியாமை நம்முடையது, உயிர் மட்டும் அவருடையது என்பதுதான் வித்தியாசம். அதனால் நம் பொறுப்பு கூடுகிறதே தவிரக் குறையவில்லை.

மரத்தை வெட்டும் கை நமக்கு முருங்கையிலிருந்தும் வேலிக் கிளுவையிலிருந்தும் வந்தது. செடிமுருங்கையை அறுவடை முடிந்ததும் தரையிலிருந்து 90 செ.மீ. உயரத்தில் வெட்டிவிடச் சொல்கிறது வேளாண்மைப் பல்கலைக்கழகம். வெட்டினால் நாலைந்து மாதத்தில் மறுபடி காய்ப்புக்கு வந்துவிடும். கிளுவையையும் பூவரசையும் வாதநாராயணனையும் வருடாவருடம் மொட்டையாகக் கழித்து, தழையை ஆட்டுக்குப் போட்டு, போத்தை வேறிடத்தில் ஊன்றி வளர்த்தவர்கள் நாம். வெட்ட வெட்டத் தழைக்கும் என்ற நம்பிக்கை அந்த மரங்களைப் பொறுத்தவரை சரியானது. அதே கையை முப்பது வருட வேம்பின்மீதோ தூங்குமூஞ்சியின்மீதோ வைக்கும்போதுதான் கணக்கு தப்புகிறது. முருங்கைக் கிளை கையளவு தடிமன், உள்ளே பஞ்சு. வேம்பின் வாதுக்குள் வைரம் பாய்ந்திருக்கும்.

எடையிலிருந்தே தொடங்கலாம். பச்சை மரம் ஏறக்குறைய தண்ணீரின் கனம் கொண்டது. 20 செ.மீ. தடிப்பும் 4 மீட்டர் நீளமும் உள்ள ஒரு கொப்பின் கட்டை மட்டுமே 110 கிலோவுக்கு மேல் நிற்கும். அதன் நுனியில் உள்ள சிறுகிளைகளும் மழையில் நனைந்த தழையும் தனி. கீழிருந்து அண்ணாந்து பார்க்கும்போது அந்தக் கிளை தொடையளவுதான் தெரிகிறது. இரண்டு ஆட்களின் எடை அங்கே தொங்குவதாக யாருக்கும் தோன்றுவதில்லை. கீழே கயிற்றைப் பிடித்திருப்பவர் அதைக் கையால் தாங்கிவிடலாம் என்று நினைக்கிறார். கயிற்றை இடுப்பிலோ மணிக்கட்டிலோ சுற்றிக்கொண்டிருந்தால் கிளை அவரையும் இழுத்துக்கொண்டுதான் போகும்.

ஓட்டின் மேல் சாய்ந்த வேப்பங்கொப்பையே எடுத்துக்கொள்வோம். ஏறுபவர் ஏணியைக் கிளையின் மேலேயே சாத்துகிறார், ஏனென்றால் சாத்துவதற்கு வேறு இடமில்லை. தாய்மரத்துக்கும் தனக்கும் நடுவே, அடியை ஒட்டி, மேலிருந்து கீழாக அறுக்கிறார். பாதி ஆழம் போனதும் கிளை தன் எடையால் மெல்ல வளைகிறது. இன்னும் நாலு இழுப்பு. அறுபடாத கீழ்ப்பாதி, ஒடிவதற்குப் பதிலாக நாராகக் கிழிகிறது. கிழிசல் பட்டையோடு சேர்ந்து தாய்மரத்தில் ஒரு கைநீளத்துக்கு இறங்குகிறது. நுனி முதலில் தரையைத் தொடுகிறது, அடிப்பக்கம் இன்னும் பட்டையில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பட்டை அறும் நொடியில் அந்த அடிக்கட்டை எந்தப் பக்கம் வேண்டுமானாலும் உதைக்கும். பெரும்பாலும் ஏணி இருக்கும் பக்கம்தான் அதற்கு வழி.

இதற்கு நேரெதிரான இன்னொரு விபத்தும் உண்டு. வெட்டுக்கு உள்பக்கமாக, மரத்தோடு இருக்கப்போகும் பகுதியில்தான் ஏணியைச் சாத்தியிருக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். பாரம் இறங்கியதும் மிச்சக் கிளை சட்டென்று மேலே எழும்புகிறது. சாத்தியிருந்த இடமே நகர்ந்துவிடுவதால் ஏணி அந்தரத்தில் நிற்கிறது. ஏணியை எவ்வளவு கவனமாக ஊன்றினாலும், யார் கீழே பிடித்திருந்தாலும் இதைத் தடுக்க முடியாது. கிளையில் சாத்திய ஏணியில் நின்று அந்தக் கிளையை அறுப்பதில் பாதுகாப்பான முறை என்று ஒன்று கிடையாது. 5 மீட்டர் உயரத்திலிருந்து விழுபவர் மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் தரையைத் தொடுகிறார். சுற்றுச்சுவர், துவைக்கும் கல், குழாயடி என்று நம் வீட்டுத் தரையில் இருப்பவை மெத்தென்றவை அல்ல.

தேர்ந்தவர்கள் இதே கொப்பை மூன்று வெட்டில் எடுப்பார்கள். தாய்மரத்திலிருந்து ஒரு முழம் தள்ளி, கீழ்ப்பக்கத்திலிருந்து மேல்நோக்கிக் கால் பங்கு ஆழத்துக்கு ஒரு வெட்டு. அதற்குச் சற்று வெளியே தள்ளி மேலிருந்து இரண்டாவது வெட்டு. கிளை ஒடிந்து விழும்போது கிழிசல் முதல் வெட்டில் வந்து நின்றுவிடும், பட்டை உரியாது. பாரமெல்லாம் போனபின், மிஞ்சிய முழநீளக் கட்டையை மட்டும் அடியில் அறுப்பது மூன்றாவது வெட்டு. பெரிய கிளையானால் அதைத் துண்டு துண்டாக, ஒவ்வொரு துண்டையும் மேலே ஒரு கவையில் போட்ட கயிற்றில் கட்டித் தாங்கி இறக்குவார்கள். கேட்பதற்கு எளிதாக இருக்கிறது. ஒரு கையால் மரத்தைப் பிடித்துக்கொண்டு மறு கையால் அறுக்கிறவருக்கு இதில் ஒன்றுகூட முடியாது என்பதுதான் உண்மை நிலை. இரண்டு கைகளும் வேலைக்குக் கிடைக்க வேண்டுமானால் உடல் வேறொன்றால் தாங்கப்பட்டிருக்க வேண்டும். இடுப்புவார், தனிக் கயிறு, தலைக்கவசம் என்பவையெல்லாம் அதற்காகத்தான்.

இப்போது ரம்பமும் மாறிவிட்டது. ஒரு கையால் பிடிக்கக்கூடிய பேட்டரிச் சங்கிலி ரம்பங்கள் இணையத்தில் செல்போன் உறையோடு சேர்த்து விற்கப்படுகின்றன. பெட்ரோல் ரம்பத்தின் சங்கிலி நொடிக்கு 20 மீட்டர் அளவில் ஓடுகிறது. சங்கிலி ஓடும் பட்டையின் நுனியில் மேல்முனை எதன்மீதாவது பட்டால் ரம்பம் அறுப்பவரின் முகத்தை நோக்கி எகிறும். கண் சிமிட்டும் நேரத்தில் அது நடந்து முடிந்துவிடுவதால் யாரும் சுதாரித்துக்கொள்ள முடியாது. தரையில் கிடக்கும் கட்டையை அறுக்கும்போதே இந்த எகிறலுக்குப் பயந்துதான் இரண்டு கையாலும் இறுக்கிப் பிடிக்கச் சொல்கிறார்கள், தடுப்பான் வைக்கிறார்கள். சிறிய ரம்பத்தின் வேகம் குறைவுதான். ஆனால் அது ஒரு கையில் அடங்குவதால், மற்றொரு கை வெட்டுப்படும் கிளையைப் பிடித்துக்கொள்ளப் போகிறது. வேட்டியை மடித்துக் கட்டி, ரப்பர் செருப்போடு ஏணியில் நின்று தோளுக்கு மேல் ரம்பத்தை ஓட்டுபவரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றைப் பிசைகிறது. அரிவாள் கை ஓய்ந்தால் நிற்கும். சங்கிலி அப்படி நிற்பதில்லை.

இவற்றோடு வீட்டு மர வேலையில் நம்மைக் கொல்லும் இன்னொன்று மின்சாரம். அதற்குத் துணைபோவது தொரட்டி. ஒரு காலத்தில் மூங்கிலில் இருந்தது. இப்போது இழுத்து நீட்டும் அலுமினியக் கழியாகவும் பழைய இரும்புக் குழாயாகவும் மாறிவிட்டது. ஆட்டுக்குத் தழை ஒடிக்கப் போனவரும் முருங்கைக்காய் பறிக்கப் போனவரும் தொரட்டி கம்பியில் பட்டு இறந்த செய்தி வராத மாதம் இல்லை என்றே சொல்லலாம். மேலே உள்ள கொக்கியைப் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு, கழியின் நடுப்பகுதி எங்கே போகிறது என்பது தெரியாது. காய்ந்த மூங்கில் ஓரளவு காப்பாற்றும். மழையில் நனைந்த மூங்கிலும், சாறு நிறைந்த பச்சைக் கிளையும் மின்சாரத்தைக் கடத்தும். வெட்டுப்பட்ட கிளை கம்பியில் போய்ச் சாய்ந்து, அதன் மறுமுனை இன்னும் உங்கள் கையில் இருந்தால், கம்பியைத் தொட்டதற்குச் சமம்.

வீட்டுக்கு வரும் கம்பியில் இருப்பது 230 வோல்ட். தெருவில் அதற்கு மேலே போகும் உயரழுத்தக் கம்பியில் 11,000 வோல்ட். அதைத் தொட வேண்டும் என்றுகூட இல்லை, உலோகக் கழி மிக நெருங்கினாலே பாய்ந்துவிடும். கட்டடத்துக்கும் 11,000 வோல்ட் கம்பிக்கும் பக்கவாட்டில் குறைந்தது 1.2 மீட்டர் இடைவெளி வேண்டும் என்பது விதி. நம் நகரங்களில் பல மாடிகளில் கைநீட்டும் தூரத்தில் கம்பி போகிறது. அந்த மாடியில் நின்றுகொண்டு எட்டிக் கிளை வெட்டுவதைப் பாதுகாப்பான வழி என்று நினைப்பவர்கள் நிறைய.

"மெயினை அணைத்துவிட்டோம்" என்ற நிம்மதியும் பொய்யானது. மெயின் சுவிட்சை அணைத்தால் வீட்டுக்குள் போகும் மின்சாரம்தான் நிற்கும். கம்பத்திலிருந்து மீட்டர் வரை வரும் கம்பியில் மின்சாரம் இருந்துகொண்டேதான் இருக்கும். தெருவில் மின்தடை என்றாலும் கம்பி செத்துவிட்டதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. எந்த நொடியிலும் திரும்ப வரலாம். பக்கத்து வீட்டு ஜெனரேட்டர் தவறாக இணைக்கப்பட்டிருந்தால் பின்வழியாகவும் ஏறலாம். கம்பிக்கு அருகே உள்ள கிளையை எடுக்க வேண்டுமானால் மின்வாரிய அலுவலகத்திலோ மின்னகம் புகார் மையத்திலோ சொல்லி, லைன்மேன் வந்து இணைப்பைத் துண்டித்த பிறகுதான் ஏணியையே எடுக்க வேண்டும். பல ஊர்களில் அவர்களே கிளையை வெட்டிவிடுவார்கள். ஒருவர் கம்பியில் மாட்டிக்கொண்டால் அவரைத் தொட்டு இழுக்கக் கூடாது. மகன் மாட்டியதும் அப்பா ஓடிப்போய்ப் பிடித்து இருவரும் போன வீடுகள் நம்மிடையே உண்டு. அந்த நிமிடத்தில் அறிவு வேலை செய்யாது என்பதால், இதை ஏறுவதற்கு முன்பே வீட்டில் உள்ள எல்லோருக்கும் சொல்லிவைக்க வேண்டும்.

மரத்தின் உள்ளே என்ன இருக்கிறது என்பது வெளியே தெரியாது. தென்னை இதற்கு நல்ல சாட்சி. 1952 புயலுக்குப் பிறகு தஞ்சாவூர் மாவட்டத்தில் கடுமையாகப் பரவியதால் தஞ்சாவூர் வாடல் என்று பெயர் பெற்ற நோயில், கேனோடெர்மா என்ற பூஞ்சணம் வேரையும் அடித்தண்டையும் அழுகச் செய்கிறது. அடிமரத்தில் செம்பழுப்பு நிறத்தில் ஒரு நீர் கசியும். முற்றிய நிலையில் அடியில் தட்டுப் போன்ற காளான் முளைக்கும். மேலே குலை தொங்கிக்கொண்டிருக்கும்போதே கீழே தண்டு உளுத்திருக்கலாம். மட்டை தொங்குகிறதே என்று ஏறுபவர் அடிமரத்தைக் குனிந்து பார்ப்பதில்லை. வேம்பிலும் புளியிலும் இதற்குச் சமமான அடையாளங்கள் பொந்து, கரையான் மண், பட்டை உரிந்து காய்ந்த நுனிக்கிளைகள். முருங்கையையும் ஒதியையும் பற்றிச் சொல்லவே வேண்டாம். நோயில்லாத கிளையே கவையில் ஒடியும்.

கிளைகளுக்கு நடுவே குடியிருப்பவர்களும் உண்டு. கதண்டுக் கூடும் மலைத்தேனீ அடையும் தழைக்குள் மறைந்திருக்கும். ரம்பத்தின் அதிர்வு போதும், அவை கிளம்ப. தரையில் இருப்பவர் ஓடலாம், ஏணியின் உச்சியில் இருப்பவர் எங்கே ஓடுவது? மாமரத்தில் முசுறு எறும்பு. மழை முடிந்த மாதங்களில் முருங்கைத் தண்டில் கம்பளிப்பூச்சி கொத்துக்கொத்தாக அப்பிக் கிடக்கும். அதைத் துணிப்பந்தம் கட்டிக் கொளுத்துகிறேன் என்று கூரைக்குத் தீ வைத்துக்கொள்வதும் நடக்கிறது. மாவின் சொணை தோலைப் புண்ணாக்கும். வேலிக் கள்ளியை வெட்டும்போது தெறிக்கும் பால் கண்ணில் பட்டால் சில நாளுக்குப் பார்வையே மங்கிப்போகும். உடனே நிறையத் தண்ணீரால் கழுவிக்கொண்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

புயலுக்கு அடுத்த நாள்தான் இந்த ஆபத்துகள் எல்லாம் ஒன்றாகக் கூடும் நாள். 2016 டிசம்பர் 12இல் வர்தா சென்னையைக் கடந்தபோது தூங்குமூஞ்சியும் மயில்கொன்றையும் இயல்வாகையும் தெருத்தெருவாக விழுந்தன. 2018 நவம்பர் 16இல் கஜா டெல்டாவின் தென்னந்தோப்புகளைப் படுக்க வைத்தது. அரசு ஆட்கள் வந்து சேரும்வரை காத்திருக்க முடியாமல், வாசலை அடைத்துக்கொண்டு கிடந்த மரத்தை மக்களே வெட்டி வழி செய்தார்கள். அந்த உழைப்பின்மீது எனக்கு மரியாதை உண்டு. ஆனால் விழுந்த மரம் செத்த பாரம் அல்ல. ஏதோ ஒன்றில் மாட்டி வளைந்து கிடக்கும் கிளைக்குள் முறுக்கு அடங்கியிருக்கிறது. தவறான பக்கத்தில் அரிவாள் பட்டால் அது நெஞ்சில் அடிக்கும். வேரோடு சாய்ந்த மரத்தில் இன்னும் மோசமான ஒன்று உண்டு. தண்டை அறுத்துப் பாரத்தைக் குறைத்ததும், அந்தரத்தில் நின்ற வேர்மண் கட்டி மொத்தமாகத் திரும்பிப் பள்ளத்தில் அமர்ந்துவிடும். அந்தப் பள்ளத்தில் அதுவரை வீட்டுப் பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருப்பார்கள்.

இதுவரை சொன்னவை வெட்டிய அன்றைக்கு நடப்பவை. இரண்டாம் தவணைக்கு வருவோம்.

அலெக்ஸ் ஷிகோ என்ற அமெரிக்கர் அந்நாட்டு வனத்துறையில் மரநோய் ஆராய்ச்சியாளராக இருந்தவர். சங்கிலி ரம்பம் கைக்கு வந்த காலத்தில், வனத்தில் ஆயிரக்கணக்கான மரங்களை நீளவாக்கில் பிளந்து, பழைய காயங்களிலிருந்து அழுகல் எந்த வழியாகப் போயிருக்கிறது என்று பார்த்தார். 1977இல் அவர் வெளியிட்ட விளக்கம் மர மருத்துவத்தையே திருப்பிப் போட்டது. நம் தோல் காயம்பட்டால் பழைய திசுவின் இடத்தில் புதிய திசு வருகிறது. மரத்துக்கு அது முடியாது. காயம்பட்ட இடத்தைச் சுற்றி உள்ளுக்குள் தடுப்பு எழுப்பி, அழுகலை அதற்குள் அடைத்துவைத்துவிட்டு, அதற்கு வெளியே புது மரத்தை வளர்த்துக்கொள்கிறது. காயம் ஆறுவதில்லை, மூடப்படுகிறது. கிளை தாய்மரத்தோடு சேரும் இடத்தில் சற்றுத் தடித்த ஒரு கழுத்து இருக்கும். அந்தத் தடுப்பை எழுப்பும் திறன் அங்கேதான் அதிகம். கழுத்தை விட்டு, அதற்கு வெளியே வெட்டினால் சில ஆண்டுகளில் வளையம் கூடி மூடிக்கொள்ளும். சுவரோடு சுவராக வழவழப்பாக இருக்கட்டும் என்று கழுத்தையும் சேர்த்துச் சீவினால் கதவைத் திறந்துவிட்ட மாதிரிதான், அழுகல் நேராகத் தாய்மரத்துக்குள் போகும். முளைக்குச்சி போல ஒரு முழத்தை விட்டுவிட்டாலும் அது காய்ந்து உளுத்து அதே வழியைக் காட்டும்.

வெட்டுவாயில் தார் பூசுவதும் பெயிண்ட் அடிப்பதும் நம் ஊரில் நல்ல மனதோடு செய்யப்படுகிறது. அது அழுகலைத் தடுப்பதில்லை என்பதையும் ஷிகோ காட்டினார். பொந்துக்குச் சிமெண்ட் வைப்பது இன்னும் பழைய கதை. அமெரிக்காவின் ஒஹாயோவில் ஜான் டேவி 1901இல் மர வைத்தியம் பற்றி நூல் எழுதியபின், பொந்தைச் சுரண்டிச் சிமெண்ட் நிரப்புவது அங்கே பெரிய தொழிலாகவே வளர்ந்தது. மரம் காற்றில் ஆடும், சிமெண்ட் ஆடாது. இரண்டுக்கும் இடையே நீர் தேங்கும். சுரண்டும்போது மரம் எழுப்பிய தடுப்பும் உடைந்துபோகும். அங்கே அதைக் கைவிட்டு வெகுகாலம் ஆயிற்று. இங்கே கோயில் அரசமரங்களுக்கும் வீட்டு வேம்புகளுக்கும் இன்றும் கொத்தனார் சிமெண்ட் பூசிக்கொண்டிருக்கிறார். தென்னையின் கணக்கு வேறு. அதற்குப் புதுத் திசு வளர்த்து மூடும் வசதியே இல்லை. பச்சை மட்டையை வெட்டிய வாசம் சிவப்புக் கூன்வண்டை வரவழைக்கும். அதனால் வெட்டியே ஆக வேண்டுமானால் தண்டிலிருந்து 120 செ.மீ. விட்டு வெட்டச் சொல்கிறது வேளாண்மைப் பல்கலைக்கழகம். வீட்டுக்கு அழகாக இருக்கட்டும் என்று மட்டையை அடியோடு சீவும் வழக்கம் அந்த வண்டுக்கு வாசல் வைக்கிறது.

எல்லாவற்றிலும் கொடியது மொட்டையடிப்பது. தலையை வெட்டினால் மரம் பட்டினிக்கு வருகிறது, ஏனென்றால் உணவு செய்த இலை மொத்தமும் போய்விட்டது. சேமித்ததையெல்லாம் செலவழித்து வெட்டுவாயைச் சுற்றி ஒரே கொத்தாகச் சிம்புகளை விடுகிறது. பார்ப்பவர் "எப்படித் தழைத்துவிட்டது பாருங்கள்" என்று மகிழ்கிறார். இயல்பான கிளை ஆண்டுக்கு ஆண்டு தாய்மரத்தின் மரத்தோடு பின்னி வளர்ந்தது. இந்தச் சிம்பு பட்டையை ஒட்டி, மேல்தோலில் மட்டும் பிடித்துக்கொண்டு வளர்வது. அதுவோ ஐந்தாறு ஆண்டுகளில் பழைய உயரத்தை எட்டிவிடும். அது நிற்கும் வெட்டுவாய் அதற்குள் உள்ளே அழுகத் தொடங்கியிருக்கும். கனத்த புதுக்கிளை, உளுத்த அடித்தளம். அடுத்த புயலில் முதலில் கழன்று விழுவது அதுதான். அன்றைக்கு யாரும் பழைய ஞாயிற்றுக்கிழமையை நினைத்துப் பார்ப்பதில்லை. மரம் ஆபத்தானது என்று சொல்லி அடியோடு வெட்டுகிறார்கள்.

வேரை வெட்டுவதும் இதே கதைதான், ஆனால் கண்ணுக்குத் தெரியாது. சுற்றுச்சுவருக்கு வானம் தோண்டும்போதும், கழிவுநீர்க் குழாய் பதிக்கும்போதும் ஒரு பக்கத்து வேர் முழுவதையும் கடப்பாரையால் துண்டித்துவிட்டு மண்ணை மூடிவிடுகிறார்கள். மரம் பச்சையாகத்தான் நிற்கிறது. எந்தப் பக்கம் வேர் போனதோ அதற்கு எதிர்ப்பக்கமாக ஒரு கார்த்திகை இரவில் சாயும். அடிமரத்தைச் சுற்றிச் சிமெண்ட் போட்டு இறுக்குவதும் வேரைக் கொல்லும். டெல்லியில் மரத்தைச் சுற்றி ஒரு மீட்டர் இடம் விட வேண்டும் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013இல் உத்தரவிட்டதற்கு இதுவே காரணம். இன்னும் சிலர் வெட்டப் பயந்து மரத்தை மெல்லச் சாகடிக்கப் பார்க்கிறார்கள். பட்டையைச் சுற்றி உரித்துவிடுவது, துளையிட்டு ஆசிட் ஊற்றுவது, பெருங்காயம் வைத்து அடைப்பது. செத்த மரம் நிற்கும் வரைக்கும் நிற்கும், காய்ந்த கிளை எப்போது முறியும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதில் ஏற எந்தத் தேர்ந்தவரும் ஒப்புக்கொள்ளமாட்டார். வெட்டுவதற்கு எளிதாக இருந்த பச்சை மரத்தை, வெட்டவே முடியாத மரமாக மாற்றுவதற்குப் பெயர் தீர்வு இல்லை.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். காம்பவுண்டுக்கு வெளியே நிற்கும் தெரு மரம் நம்முடையது அல்ல. வீட்டு முற்றத்தில் தானாக முளைத்த சந்தன மரத்தைக்கூட வனத்துறை அனுமதி இல்லாமல் வெட்ட முடியாது. நீலகிரி, கொடைக்கானல் போன்ற மலைப்பகுதிகளில் சொந்தப் பட்டா நிலத்து மரத்துக்கும் 1955ஆம் ஆண்டு மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் பொருந்தும். நம் அலட்சியத்தால் ஏறியவரோ வழிப்போக்கரோ இறந்தால், முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தின் 304ஏ என்றிருந்தது இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆம் பிரிவு.

விழுந்தவரை என்ன செய்கிறோம் என்பதும் இந்த விஷயத்தின் ஒரு பகுதி. ஓடிவரும் நாலு பேர் கையையும் காலையும் பிடித்துத் தூக்கி ஆட்டோவில் மடக்கிப் போடுகிறார்கள். முதுகெலும்பு முறிந்து, தண்டுவடம் மட்டும் தப்பியிருந்தால், அதை அறுப்பது இந்த உதவிதான். மூச்சு இருக்கிறதா என்று பார்த்து, ரத்தம் வழிந்தால் துணியால் அழுத்திப் பிடித்து, கழுத்தும் முதுகும் அசையாமல் அப்படியே கிடக்கவிட்டு 108ஐ அழைப்பதே சரி. தண்டுவடம் பாதித்தவர்கள் போய்ச் சேரும் ஓர் இடம் வேலூரில் இருக்கிறது. அங்கே பாகாயத்தில் 1966இல் தொடங்கிய மறுவாழ்வு நிலையத்தை உருவாக்கியவர் டாக்டர் மேரி வர்கீஸ். 1954இல் நடந்த சாலை விபத்தில் தண்டுவடம் பாதித்துச் சக்கர நாற்காலிக்கு வந்தவர், அதில் அமர்ந்தபடியே அறுவை சிகிச்சை செய்தவர். அங்கே சிகிச்சைக்கு வருகிறவர்களில் பனையிலிருந்தும் தென்னையிலிருந்தும் புளியிலிருந்தும் விழுந்தவர்கள் உண்டு. பெரும்பாலும் வீட்டுக்குச் சம்பாதிக்கும் வயது ஆண்கள். இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் படுத்திருக்கும் ஒருவருக்குப் புண் வராமல் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைப்பது யார் வேலை என்று யோசித்தால், ஒரு கிளைக்கு ஒரு குடும்பம் கொடுத்த விலை தெரியும். பெரும்பாலும் அது மனைவியின் வேலை, பிறகு மகளின் வேலை.

அப்படியானால் வீட்டுக்காரர் அரிவாளையே தொடக்கூடாதா? தொடலாம். இரண்டு கால்களும் தரையில் இருக்க, தோளுக்குக் கீழே, கட்டைவிரல் தடிமனுக்குள், அருகே கம்பி இல்லாமல் இருக்கும் எதையும் கூரான கைரம்பத்தால் கவாத்து செய்துகொள்ளலாம். கிளை சிறிதாக இருக்கும்போதே ஆண்டுக்கு ஒருமுறை இப்படிச் சரிசெய்து வந்தால், பத்தாம் ஆண்டு ஏணி தேவைப்படும் நிலையே பெரும்பாலும் வராது. கன்றை நடும்போதே மேலே கம்பி போகிறதா என்று அண்ணாந்து பார்த்தாலும் போதும். ஏணி வேண்டும் என்ற கணத்திலேயே அது நம் வேலை இல்லை என்று ஆகிவிடுகிறது.

பிறகு யாரைக் கூப்பிடுவது என்ற கேள்விக்கு நம் ஊரில் நேரான பதில் இல்லை என்பதுதான் வருத்தம். பிரிட்டனில் மர வேலைக்கென்று பிஎஸ் 3998 என்ற தரநிலை இருக்கிறது, 2010இல் புதுப்பிக்கப்பட்டது. ரம்பத்தோடு மரமேற அங்கே தனிப் பயிற்சியும் சான்றிதழும் உண்டு. இங்கே ஏறத் தெரிந்த கைகளுக்குப் பஞ்சமில்லை. தளையைக் காலில் மாட்டி அறுபதடித் தென்னையில் ஏறுகிறவருக்கு மரத்தின் ஆட்டமும் காற்றின் போக்கும் உடம்பிலேயே தெரியும். அவரிடம் இல்லாதது இடுப்புவாரும் தலைக்கவசமும், கிளையைக் கட்டி இறக்கும் கயிற்று முறையும், கழுத்தை விட்டு வெட்ட வேண்டும் என்ற ஒரு செய்தியும்தான். அவரை அழைப்பவர் செய்யக்கூடியவை சில உண்டு. கிளைக்கு இவ்வளவு என்று பேரம் பேசாமல் நாள் கூலியாகப் பேசலாம், அவசரம் அதிலேயே பாதி குறையும். மழைத்தூறலில் ஏறச் சொல்லக் கூடாது. அவர் "இதில் ஏற முடியாதுங்க" என்றால் அத்தோடு விட வேண்டும், தைரியமானவரைத் தேடிப் போகக் கூடாது.

தென்னை வளர்ச்சி வாரியம் 2011இல் "தென்னை மரத்தின் நண்பர்கள்" என்ற பயிற்சியைத் தொடங்கி, இளைஞர்களுக்கு ஏறும் கருவியைப் பயன்படுத்தக் கற்றுக்கொடுத்தது. ஏறுகிறவர்களுக்குக் காப்பீட்டுத் திட்டமும் வைத்திருக்கிறது. பனைமரத் தொழிலாளர்களுக்குத் தமிழ்நாட்டில் நலவாரியம் இருக்கிறது. வேம்பிலும் தூங்குமூஞ்சியிலும் ஏறிக் கிளை கழிப்பவருக்கு இவற்றில் எதிலும் பெயர் இல்லை. ஒவ்வொரு நகராட்சியும் ஊராட்சி ஒன்றியமும் இப்படிப்பட்ட பத்துப் பேருக்குக் கயிறு, இடுப்புவார், ரம்பம், காப்பீடு கொடுத்து, மின்வாரிய அலுவலகத்தோடு அவர்களை இணைத்து, ஆனி ஆடியிலேயே வீட்டுக்காரர்களிடம் பதிவு வாங்கத் தொடங்கினால், புரட்டாசி ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த ஏணி வெளியே வர வேண்டியதில்லை.